சாம்பலுக்குள்ளே ஒரு திராட்சைத் தோட்டம்

இது ஒயினைப் பத்தின பதிவு. குடிக்கிறதைப் பத்தி இல்லை, அதனால வீட்டுல யாரும் பதற வேண்டாம் :-) ஊரே சாம்பலில் மூழ்கின பிறகு மனுஷங்க என்ன செஞ்சாங்கங்கிற கதை.

இடம் லான்சரோட்டே. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில் இருக்கும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்று. 1730 செப்டம்பர் 1, இரவு ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். திமான்ஃபாயா பக்கத்தில் பூமி பிளந்தது. அன்னிக்கு ஆரம்பிச்ச எரிமலை 1736 ஏப்ரலில்தான் அடங்கிச்சு. தீவில் கிட்டத்தட்ட கால்வாசி, சுமார் 200 சதுர கிலோமீட்டர், நெருப்புக் குழம்புக்கு அடியில் போயிடுச்சு. எல்லாம் தானியம் விளைஞ்ச பூமி.

யாய்சா ஊர்ப் பாதிரியார் குர்பெலோ, முதல் வருஷக் கூத்தை எல்லாம் நாட்குறிப்பா எழுதி வெச்சார். அந்தக் கைப்பிரதி தொலைஞ்சு போச்சு. ஜெர்மானிய நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் பின்னாடி அதைத் தன் புத்தகத்தில் வெளியிட்டதால நமக்குக் கிடைச்சது. பேக்கப்போட அருமை அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க!

பல பேர் பக்கத்துத் தீவுகளுக்குக் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க ஒண்ணைக் கவனிச்சாங்க. நெருப்புக் குழம்பு ஓடின இடம் வெறும் பாறை. ஆனா கருஞ்சரளை மட்டும் விழுந்த இடத்தில், அதுக்குக் கீழே இருந்த பழைய மண் ஈரமாவே இருந்தது. இந்தச் சரளைக்கு அங்கே 'பிக்கோன்' என்று பேர். உள்ளே பூரா துளைகள். மழை பெய்தால் சட்டென்று கீழே விடும், ராத்திரி ஈரத்தையும் பிடிச்சுக்கும், வெயிலில் மண் காயாமலும் காக்கும். நம்ம ஊர் விவசாயிகள் சொல்ற மூடாக்குதான். வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்யும் தீவில் இது பெரிய விஷயம்.

ஆக, தோண்டினாங்க. லா ஹெரியா பகுதியில் சில குழிகள் மூணு மீட்டர் ஆழம்கூட இருக்கும். பழைய மண் தட்டுப்படுற வரைக்கும் தோண்டி, ஒரு குழிக்கு ஒரு கொடி, மிஞ்சினா ரெண்டு. வடகிழக்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் வியாபாரக் காற்றைத் தடுக்க, கருங்கல்லை அடுக்கி அரைவட்டச் சுவர். முழுக்க மானாவாரி. 1775-ல் தொடங்கிய எல் கிரிஃபோ ஒயின் ஆலை இன்னும் நடக்குது.

இதில் ஒரு சிக்கல். குழி இவ்வளவு அகலம் என்றால் ஒரு ஹெக்டேருக்குச் சில நூறு கொடிதான் தேறும். மற்ற நாட்டுத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கில் வைப்பாங்க. குழிக்குள் மெஷின் இறங்காது. கவாத்து, அறுவடை, சரிஞ்ச சரளையை மேலே தள்ளுறது, எல்லாம் கைவேலை. டூரிசத்தில் இதைவிடச் சுலபமா காசு வரும்போது பேரப்பிள்ளைகள் ஏன் குழிக்குள் இறங்கணும்? நம்மில் எத்தனை பேர் வயலை விட்டுட்டு கீபோர்டுக்கு வந்தோம், கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

இப்ப 'நேச்சுரல் ஒயின்' என்று உலகம் கொண்டாடுதே, அதன் சூத்திரம் நம்ம இட்லி மாவுதான். யாராவது பாக்கெட் ஈஸ்ட் வாங்கியா மாவைப் புளிக்க வைக்கிறோம்? பழத்திலும் ஆலையிலும் தானாவே இருக்கும் ஈஸ்ட் புளிக்க வைக்கட்டும் என்று விட்டுடுறது, கந்தகம் துளியோ, சுத்தமா இல்லாமலோ. லான்சரோட்டேயில் எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. ஆனா சில சின்னத் தயாரிப்பாளர்கள் பழைய குடும்பத் தோட்டங்களின் மால்வசியா திராட்சையை வைத்து இப்படிச் செய்றாங்க.

கடைசியா ஒரு கவலை. 1860-களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸில் நுழைந்து, ஐரோப்பியத் தோட்டங்களைக் காலி பண்ணியது. அப்புறம் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் பிழைச்சாங்க. கேனரித் தீவுகளைக் கடல் காப்பாத்தியது. அங்கே கொடிகள் இன்னும் சொந்த வேரில் நிக்குது. 2025-ல் பக்கத்துத் தீவான டெனெரிஃபில் முதல்முறையா அந்தப் பூச்சியைக் கண்டுபிடிச்சிருக்காங்க.

எரிமலைக்குத் தப்பிச்ச ஊர். கண்ணுக்குச் சரியாத் தெரியாத பூச்சிக்கும் தப்பிக்கணும்.