யூனியன் ஆபீஸ் வந்த வழி

1961 அக்டோபர் 2. சென்னை மாநிலத்தின் கிராமப்புறம் முழுவதும் ஊராட்சி ஒன்றியங்களாகப் பிரிந்து முடிந்த நாள் அது. மொத்தம் 370-க்கும் மேற்பட்ட ஒன்றியங்கள். ஆரம்பப் பள்ளி, மருந்தகம், குடிநீர்க் கிணறு, ஊரை மெயின் ரோட்டோடு சேர்க்கும் மண்பாதை, சிறு பாசனக் குளம் என்று அதுவரை ஜில்லா போர்டும் பல துறைகளும் தனித்தனியாகப் பார்த்துவந்த வேலைகளில் பெரும்பங்கு ஒரே அலுவலகத்துக்கு வந்தது. அங்கே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) என்று ஓர் அதிகாரி, அவருக்கு ஒரு ஜீப், விவசாயத்துக்கும் கால்நடைக்கும் கூட்டுறவுக்கும் தனித்தனி விரிவாக்க அலுவலர்கள், சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றும் கிராம சேவக்குகள். இவர்களுக்கு மேலே, ஊராட்சித் தலைவர்கள் கூடித் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்த ஒரு பெருந்தலைவர். தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால் வரி கேட்பார்கள், காவல் நிலையத்துக்குப் போனால் விசாரிப்பார்கள் என்றே சர்க்காரை அறிந்திருந்த கிராமத்துக்கு, கேட்டுப் பெறுவதற்கென்று ஓர் அரசு அலுவலகம் வந்தது புதிது.

இந்த அமைப்பை ஒருவர் உட்கார்ந்து வரைந்துவிடவில்லை. பல ஊர்களில், பல ஆண்டுகளாகச் செய்து பார்த்தவை சேர்ந்துதான் இந்த உருவம் வந்தது. அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே நடந்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1921-ல் ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமச் சீரமைப்பு மையத்தைத் தொடங்கியது. அதை வளர்த்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். ஏழைக் குடும்பம் கையிலிருக்கும் பொருளை வைத்தே நாலு காசு கூடுதலாகப் பார்க்க என்ன வழி என்பதே அவருடைய தேடல். நல்ல இனக் கோழி, முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது, நெசவு, பனை வெல்லம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேனீ. மரப்பொந்திலிருந்து கூட்டைப் பிய்த்துப் பிழிந்தே தேன் எடுத்துவந்த இடத்தில், சட்டம் வைத்த பெட்டியில் நாட்டுத் தேனீயை வளர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். மார்த்தாண்டம் பெட்டி என்று அந்தப் பெட்டிக்கே பெயர் நின்றுவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் தேன் ஒரு தொழில். ஹாட்ச் பணமாக எதையும் கொடுக்கவில்லை. யோசனை சொல்ல ஆள் கொடுத்தார், விற்க வழி காட்டினார், உழைப்பையும் முதலையும் ஊரிடமே விட்டார். 1932-ல் பரோடா சமஸ்தானம் அவரை அழைத்து கொசாம்பாவில் இதே போன்ற மையம் ஒன்றை அமைத்தது. தனியார் தொண்டாக இருந்ததை ஓர் அரசு தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஆரம்பங்களில் இதுவும் ஒன்று.

அடுத்த பெரிய முயற்சி பிர்கா அபிவிருத்தித் திட்டம். 1946-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று முதலமைச்சருக்கு இருந்த பெயர்) இருந்த டி. பிரகாசம் காந்தியப் பொருளாதாரத்தில் அசைக்க முடியாத பிடிப்புள்ளவர். புதிய நூல் மில்களுக்கு இடமில்லை, கதர்தான் என்று அவர் எடுத்த நிலைக்குக் கடும் எதிர்ப்பு வந்தது; அடுத்த ஆண்டே பதவியும் போனது. ஆனால் அவர் காலத்தில் 34 பிர்காக்களில் தொடங்கிய வேலை அவரோடு போய்விடவில்லை. 1950-ல் மேலும் 50 பிர்காக்களுக்கு அது விரிந்தது. பிர்கா என்பது வருவாய்த் துறையின் பழைய அளவு. ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் எல்லை. வரி வசூலுக்கென்று வகுத்த அந்த எல்லைக்குள்ளேயே கிணறு வெட்டவும், பாதை போடவும், கூட்டுறவுச் சங்கம் அமைக்கவும், கதரையும் கைத்தொழிலையும் வளர்க்கவும் ஓர் அதிகாரியையும் அவருக்குக் கீழே கிராம சேவக்குகளையும் வைத்தார்கள். ஐந்து முதல் பத்து ஊர்களுக்கு ஒரு சேவக் என்ற கணக்கு பிற்காலத்து ஒன்றிய முறையிலும் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. 1952-ல் நாடெங்கும் வந்த சமூக வளர்ச்சித் திட்டத்தின் கதையை எழுதுகிறவர்கள் வடக்கிலிருந்தே தொடங்குவது வழக்கம். பிர்காத் திட்டத்துக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

வடக்கில் நடந்ததும் குறைத்துச் சொல்லக்கூடியது அல்ல. நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் மேயர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவப் பொறியாளராக இந்தியா வந்தவர். நேருவைச் சந்தித்துப் பேசியதன் தொடர்ச்சியாகத் திரும்பவும் வந்தார். சண்டிகர் நகரத்துக்கு லெ கொர்பூசியேவுக்கு முன்பே வரைபடம் போட்டவரும் இவர்தான். 1948-ல் உத்தரப் பிரதேசத்தின் எடாவா மாவட்டத்தில், மகேவா என்ற ஊரை மையமாக வைத்து 64 கிராமங்களில் அவர் வேலையைத் தொடங்கினார். விவசாயத்துக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர், சுகாதாரத்துக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு ஊருக்குள் வந்து குழப்பாமல், எல்லாவற்றுக்கும் ஊரோடு பழகிய ஒரே பணியாளர் போதும்; அவருக்குப் பின்னால் நிபுணர்கள் நிற்கட்டும் என்பது எடாவாவின் பாடம். பஞ்சாப் 591 என்ற கோதுமை விதையை முதலில் சில வயல்களில் விதைத்துக் காட்டினார்கள். விளைச்சலைக் கண்ணால் பார்த்த பிறகே மற்றவர்கள் விதை கேட்டு வந்தார்கள்.

அதே காலத்தில் கர்னால் அருகே நிலோகேரியில், பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளைக் கொண்டு சதுப்பு நிலத்தில் ஒரு சிற்றூரையே எழுப்பிக்கொண்டிருந்தார் எஸ்.கே. டே என்ற பொறியாளர். கைத்தொழிலும் கூட்டுறவுமாக அகதிகள் தங்கள் காலில் நிற்கும் அந்த ஊர் நேருவை வெகுவாகக் கவர்ந்தது. 1952 ஜனவரியில் அமெரிக்காவோடு தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டு காந்தி பிறந்த நாளில் நாடு முழுவதும் 55 சமூக வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கியபோது, தலைமைப் பொறுப்பு டேயிடம் வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் சுமார் 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். சென்னை மாநிலத்தில் கீழ்பவானிப் பாசனப் பகுதி அவற்றுள் ஒன்று. மறு ஆண்டே தேசிய விரிவாக்கச் சேவை என்ற பெயரில், செலவைக் குறைத்து, திட்டத்தை நாடெங்கும் பரப்பத் தொடங்கினார்கள்.

இந்த வேகம்தான் முதல் பிழை. மேயர் 64 ஊர்களில் பொறுமையாகச் செய்ததை, பயிற்சி பெற்ற ஆட்களே போதாத நிலையில் லட்சக்கணக்கான ஊர்களுக்குக் கொண்டுபோக முயன்றார்கள். 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்தபோது, திட்டத்தை மக்கள் தம்முடையதாக ஏற்கவில்லை என்பது வெளிப்பட்டது. ஊர்வேலையை ஊரார் தேர்ந்தெடுத்த அமைப்புகளிடமே கொடுங்கள் என்றது குழு. 1959 அக்டோபர் 2-ல் ராஜஸ்தானின் நாகோரில் நேரு பஞ்சாயத்து ராஜைத் தொடங்கிவைத்தார்.

காமராஜர் முதலமைச்சராக இருந்த சென்னை மாநிலம் அதற்கு முந்தைய ஆண்டே தனக்கென்று சட்டம் இயற்றிவிட்டது. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஜில்லா போர்டுக்கு முடிவுகட்டி, சமூக வளர்ச்சித் திட்டத்தின் வட்டாரத்தையும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்றியத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தியது. வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்தின் ஆணையர். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஆலோசனை சொல்லும் வளர்ச்சி மன்றம் மட்டும்.

இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது பணம் வந்த விதம். ஊராட்சி வீட்டு வரி போட்டே ஆக வேண்டும். வசூலித்த வரிக்கு ஈடாக அரசு தன் பங்கைத் தரும். நூறு ரூபாய் வசூலித்தால் கையில் இருநூறு. வரி கேட்டு வாசலில் நிற்கும் தலைவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்காது என்பது தெரிந்ததே. ஆனால் ஊர் தரும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டாகித் திரும்புகிறது என்று சொல்ல அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. தெருவிளக்கு எரிந்தபோதும் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வந்தபோதும், இது நம் வரி என்று உரிமையோடு பேச வரி கட்டியவருக்கும் இடமிருந்தது. வசதியான ஊருக்கே எல்லாம் போய்விடக் கூடாது என்பதற்காக நிலவரி வருமானத்தை வைத்து ஒன்றியங்களைத் தரம் பிரித்து, வறண்ட பகுதிகளுக்குக் கூடுதல் விகிதத்தில் உதவி தரவும் வழி செய்தார்கள். அரசுதவியை இவ்வளவு யோசித்து வகுத்த ஏற்பாடுகள் அதிகமில்லை.

இதே உணர்வு பள்ளிகளிலும் ஓடியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், விளையாட்டு மைதானத்துக்கு நிலம், சுவருக்குச் சுண்ணாம்பு என்று அவரவர் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956-ல் மதிய உணவுத் திட்டமும் ஊரார் பங்களிப்போடுதான் விரிந்தது. கட்டடம் எழுப்ப அரசு பணம் வரும்வரை காத்திருக்காத ஊர்கள் அன்று ஏராளம்.

கிராம சேவக்கின் நாள் நீளமானது. கயிறு கட்டி வரிசையில் நாற்று நடும் ஜப்பான் முறையைக் காட்ட வேண்டும், தழையுரத்துக்குக் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் விதைக்கச் சொல்ல வேண்டும், கம்போஸ்ட் குழி வெட்ட வைக்க வேண்டும், இடையிடையே படிவங்களையும் நிரப்ப வேண்டும். பெண்களிடையே கிராம சேவிகாக்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மேலே முக்கிய சேவிகா. மாதர் சங்கம், பால்வாடி, தையல், புகையில்லா அடுப்பு எல்லாம் அவர்கள் வழியாகவே ஊருக்குள் வந்தன. இத்தகைய பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்த இடங்களில் ஒன்று, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல் அருகே தொடங்கிய காந்திகிராமம். முன்பின் தெரியாத ஊரில் தனியாகத் தங்கி, வீடு வீடாக ஏறி இறங்கிய அந்த இளம் பெண்களைப் பற்றி நாம் எழுதி வைத்திருப்பது மிகக் குறைவு.

கசப்பான பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். திட்டத்தை மதிப்பிட 1952-லேயே அமைத்த மதிப்பீட்டு நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: நிலம் உள்ளவருக்கே பலன் அதிகம் போகிறது. விதையும் உரமும் நிலம் இருப்பவருக்குத்தானே உதவும்? ஒன்றியத்தில் உட்கார்ந்த ஊராட்சித் தலைவர்களில் பெரும்பாலோர் நிலமும் சாதிப் பலமும் உள்ளவர்கள். பல ஊர்களில் கிணறும் விளக்கும் ஊர்த் தெருவுக்கு முதலில் வந்தன; சேரி காத்துக் கிடந்தது. ஊரார் பங்களிப்பு என்ற பெயரில் வசதியானவர் பணம் கொடுக்க, கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து மண் சுமந்தார். அந்த உழைப்பில் எழுந்த பாதை யாருடைய வண்டிக்கு முதலில் பயன்பட்டது என்று கேட்க அன்று ஆள் இல்லை.

உணவுத் தட்டுப்பாடு திசையை மாற்றியது. எல்லா ஊரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிடுவதைவிட, தண்ணீர் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் குவித்தால் விளைச்சல் சீக்கிரம் கூடும் என்று தில்லி கணக்குப் போட்டது. 1960-ல் தஞ்சாவூர் அப்படி எல்லாவற்றையும் குவிக்கும் பேக்கேஜ் மாவட்டமானது. சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 நெல் வந்து, வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் ரேடியோ நெல் என்றே பெயர் பெற்றது. தஞ்சையின் களஞ்சியம் நிறைந்தது. ராமநாதபுரம் போன்ற வறண்ட சீமைகள் பின்னுக்குப் போயின. 1966-ல் சமூக வளர்ச்சி அமைச்சகமே வேளாண்மைத் துறையோடு இணைந்தது. டேயும் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குப் பிறகு ஒன்றிய அலுவலகம் மேலிருந்து வரும் இலக்குகளை எட்டும் இடமாயிற்று: இத்தனை மூட்டை உரம், இத்தனை குடும்பக் கட்டுப்பாடு, இத்தனை கடன் மனு. 1980-க்குப் பின் ஊரக வளர்ச்சிப் பணம் மாவட்ட முகமைகள் வழியாக வந்தது. 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். சம்பளம் ஒழுங்காக வந்தது பெரிய நிம்மதி. பள்ளிக்கும் ஒன்றியத்துக்கும் இருந்த உறவில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது.

தேர்தல் நின்றுபோனதுதான் இதையெல்லாம்விடப் பெரிய அடி. 1970-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1986-ல்தான் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 1991-ல் முடிய, அடுத்த தேர்தல் 1996-ல். அந்த முறை 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் வழி, தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவிகள் சட்டப்படி கிடைத்தன. அதைச் சகிக்காத பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தேர்தலையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். மேலவளவில் 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். 1961-ல் கேட்க ஆளில்லாத கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு வந்தவர்கள் கொடுத்த விலை அது.

ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் பழைய முறை 1997-ல் நமக்கு நாமே திட்டம் என்று திரும்பி வந்தது. ஆட்சிகள் மாறும்போது நின்றும், பிறகு மீண்டும் உயிர்பெற்றும் அது தொடர்கிறது. இன்று 388 ஒன்றியங்கள் இருக்கின்றன. 2016-ல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்றாண்டுகள் தேர்தல் இல்லை. 2019 டிசம்பரில் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது, அந்த மாவட்டங்களில் ஒன்றியப் பெருந்தலைவரின் நாற்காலிக்கு மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள்.