முன்னால் ஓட்டுபவருக்குத்தான் காற்று

2024 நவம்பர் 10ஆம் தேதி சைக்கிள் பந்தய வீரர் மார்க் கேவண்டிஷ் சிங்கப்பூர் சாலையில் தன் கடைசிப் பந்தயத்தை ஓட்டி, அதையும் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு ஜூலையில்தான் பிரான்சின் சான் வுல்பாவில் 35வது முறையாக டூர் டி பிரான்ஸ் கட்டமொன்றை வென்று, எடி மெர்க்ஸின் 34ஐத் தாண்டியிருந்தார். பாசிர் ரிஸ்ஸில் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. "இங்க நடந்தது காட்சிப் பந்தயம்தானே அண்ணே, அது கணக்குல வருமா?" என்றான் ஒரு தம்பி.

வராது. இங்கே நடந்தது கிரிடேரியம்; அது ஐரோப்பாவின் பழைய வழக்கம். டூர் முடிந்த கையோடு பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ் சிற்றூர்களில் வீரர்கள் கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். வந்து நின்றாலே பணம். சம்பளம் சொற்பமாக இருந்த காலத்தில் பலருக்குக் குடும்பம் ஓடியதே அந்தப் பணத்தில்தான். பேர் போனவர் ஜெயிப்பதைப் பார்க்கத்தான் ஊர் கூடும். மற்றவர்களும் பெரும்பாலும் அதை அனுசரித்தே ஓட்டுவார்கள். டூர் பெயரில் அந்த வழக்கம் சிங்கப்பூருக்கு வந்தது 2022இல்.

கணக்கில் வருவது அந்த 35தான். ஐல் ஆஃப் மேன் தீவில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக் காசு சேர்த்துச் சைக்கிளுக்கு வந்தவர் கேவண்டிஷ். டூரில் முதல் வெற்றி 2008இல், ஷாட்டோரூவில். 2011இல் டூரில் புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டையும் உலகப் பட்டமும். 2016க்குள் முப்பது வெற்றிகள். பிறகு எப்ஸ்டைன்-பார் வைரஸ், மனச்சோர்வு. 2021இல் கடைசி நேரத்தில் அணியில் இடம் கிடைத்துப் போனவர், நான்கு கட்டங்களை வென்றார். 2023இல் ஓய்வை அறிவித்துவிட்டு ஓட்டிய டூரில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. இன்னும் ஓர் ஆண்டு என்று திரும்பி வந்துதான் அந்தக் கடைசி ஒன்றை எடுத்தார்.

அவரை மலையேற்றக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தொழில் கடைசி இருநூறு மீட்டர். அதுவரை காற்றைத் தாங்கியவர்கள் வேறு ஆட்கள்: மார்க் ரென்ஷா, பெர்னார்ட் ஐசல், பின்னாளில் மைக்கேல் மோர்கோவ். 2010இல் கேவண்டிஷுக்கு வழி உண்டாக்க, எதிரணிக்காரரைத் தலையால் முட்டி டூரிலிருந்தே வெளியேற்றப்பட்டார் ரென்ஷா. 2024இல் கேவண்டிஷின் அஸ்தானா அணியில் அதே ரென்ஷா விளையாட்டு இயக்குநர், மோர்கோவ் முன்னால் ஓட்டி வழியமைப்பவர்.

இதன் அருமை எங்களுக்குத் தெரியும். லோயாங் அவென்யூ வழியாகச் சாங்கி கிராமம், அங்கிருந்து தானா மேரா கடலோரச் சாலை. டிசம்பர், ஜனவரியில் திரும்பும்போது வடகிழக்குக் காற்று முகத்தில் அறையும். முன்னால் ஓட்டுபவருக்கு மூச்சு வாங்கும். பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். அதனால்தான் முறை வைத்து மாறி மாறி முன்னால் போகிறோம். 2022 முதல் சட்டப்படி வரிசை ஐந்து சைக்கிள் நீளத்தைத் தாண்டக்கூடாது. அதற்குள்ளேயே யார் முறை ஏய்ப்பவர் என்று எல்லாருக்கும் தெரியும்.

இங்கிருந்தும் ஒருவர் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்: 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் சிங்கப்பூருக்காக ஓட்டியவர் முருகையன் குமரேசன். சைக்கிளில் தொழில்முறை வீரர்களை அனுமதிக்காத கடைசி ஒலிம்பிக் அது. 1996 அட்லாண்டாவில் கதவு திறந்தது. பார்சிலோனாவில் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ கசார்ட்டெல்லி உடனே தொழில்முறை அணியில் சேர்ந்தார். 1995 டூரில் பைரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தார். ஆபத்தானதுதான், ஆனால் அவருக்கு அது ஒரு பிழைப்பு. குமரேசன் காலத்துச் சிங்கப்பூரில் அப்படி ஒரு பிழைப்பே கிடையாது. பின்னாளில் தொழில்முறையின் கீழ்த்தட்டான கான்டினென்டல் தரத்தில் ஓர் அணி இங்கே சில ஆண்டுகள் ஓடியது, அதுவும் நிலைக்கவில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: இங்கே கால் பலத்துக்கா பஞ்சம்? பந்தயத்துக்காக வார இறுதியில் சாலையை மூடித் தந்துவிடலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு முன்னால் பத்து வருஷம் காற்றைத் தாங்கச் சம்பளம் கொடுத்து ஏழு பேரை வைக்க வேண்டும். அதைச் செய்த ஊரில்தான் கேவண்டிஷ்கள் ஓய்வு பெறுவது மட்டுமல்ல, உருவாகவும் செய்வார்கள்.