90 கலம் நெல்லும் 849 ரூபாயும்: ரத்தக்கட்டிக்கு யார் செலவு பண்றது?

உத்திரமேரூர்னு சொன்னாலே நமக்குக் குடவோலைதான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் எடுத்திருக்கிற கல்வெட்டு வேற. உத்திரமேரூருக்கு வடக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம் திருமுக்கூடல். அங்க வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவர்ல, 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ஒரு ஆஸ்பத்திரியோட வருஷச் செலவையே வெட்டி வெச்சிருக்காங்க.

வீரசோழன் ஆதுலசாலை. 15 படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவர ஆள், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், தண்ணீருக்கு ஒருவர், ராத்திரி எரிய விளக்கு, எல்லாத்துக்கும் தனித்தனி ஒதுக்கீடு. சுமார் 20 மருந்துகள் எப்பவும் இருப்பில். பணம் வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானத்திலிருந்து.

இது எல்லாருக்குமான ஆஸ்பத்திரி இல்லை. கோயிலைச் சார்ந்த மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். அதனால பொற்காலம்னு நான் கொண்டாடப் போறதில்லை. செலவு பண்ணின விதத்தை மட்டும் கவனிங்க: நோயாளி வந்தாலும் வராட்டியும் ஆளும் மருந்தும் தயாரா இருக்கும்.

இப்போ நம்ம காலம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைப்பு. 2022இல் வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆனது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் வருஷத்துக்கு 849 ரூபாய். சோழர் காலத்தை விட வாசல் ரொம்பப் பெரிசு. ஆனா பணம் நகரும் விதம் வேற. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு, இந்த சிகிச்சைக்கு இவ்வளவுன்னு விலை.

ரத்தக்கட்டி இந்தக் கணக்குக்குள்ள அடங்காத நோய். அது இதயத்தில் அடைச்சா மாரடைப்பு, மூளையில் அடைச்சா பக்கவாதம், கால் ரத்தக்குழாயில் உருவாகி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த முதல் நாள் செலவைக் காப்பீடு தாங்கும். அதுக்கப்புறம்?

பலர் வார்ஃபரின் மாத்திரையில் இருக்கணும். 1948இல் அமெரிக்காவில் எலி மருந்தா வந்து, 1950களில் மனுஷங்களுக்கு மருந்தான பொருள் இது. ஜனாதிபதி ஐசனோவரே சாப்பிட்டிருக்கார். விலை குறைவுதான். ஆனா அளவு கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா மறுபடி கட்டி. அதனால ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யணும். ரிவரோக்ஸபான் மாதிரி புது மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனா செயற்கை உலோக வால்வு வெச்சவங்களுக்கு வார்ஃபரின்தான்.

உத்திரமேரூர் பக்கத்துல நடவுக்குப் போற ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. பெரிய ஆஸ்பத்திரின்னா காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ, சுமார் 30 கிலோமீட்டர். பரிசோதனை இலவசமாவே இருந்தாலும் அன்னைக்குக் கூலி போச்சு. பஸ் செலவு வேற. அந்தக் கூலியைக் காப்பீடு தராது. ரெண்டு தடவை போகாம விட்டு, அவங்க மறுபடி கட்டியோட ஆம்புலன்ஸில் வந்தா, அப்போ காப்பீடு பல ஆயிரம் கொடுக்கும். சின்னச் செலவை விட்டதால வந்த பெரிய பில், கடைசியில் அடுத்த ஒப்பந்தத்தின் பிரீமியத்தில் ஏறும். அது நம்ம வரிப்பணம்.

மாற்று வழி நமக்குத் தெரியாததில்லை. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததும் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வந்தன. 2023இல் இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலின்னு வர்றவங்களுக்கு முதல்லயே கொடுக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வெச்சாங்க. இது ஆதுலசாலையோட கணக்கு: நோய் வர்றதுக்கு முன்னாடியே மருந்து இருப்பில் இருக்கணும்.

விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் சின்னக் கருவிகள் இருக்கு. ஊர் சுகாதார நிலையத்தில் அதை வைக்கிற செலவை, ஒரு பக்கவாத நோயாளிக்குக் கொடுக்கும் காப்பீட்டுத் தொகையோட பக்கத்துல எழுதிப் பார்க்கணும். பட்ஜெட் போடுறவங்ககிட்ட நான் கேட்க விரும்புறது அந்த ஒரு கணக்கைத்தான்.