ரெண்டு மீட்டர் கயிறு

மான்செஸ்டருக்கு ஆன்சைட் வந்த புதுசுல, வீட்டு ஓனரம்மாவோட நாய் டெய்சியை வாக்கிங் கூட்டிட்டுப் போறதுதான் என் சனிக்கிழமை டூட்டி. ஒருநாள் ஹேஃபீல்டு பக்கம் கிண்டர் ஸ்கௌட் மலைக்குப் போனோம். வழியில ஒரு பழைய கல்குவாரி. சுவத்துல ஒரு பலகை. அதைப் படிச்சுட்டு வந்து தேடினதுதான் இந்தப் பதிவு.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. அப்போ அந்த மலையில பொதுஜனம் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. பணக்காரங்க கௌதாரி மாதிரியான க்ரௌஸ் பறவையைச் சுட்டு விளையாடற இடமாச்சே! வாரம் பூரா புகைக்குள்ள வேலை பார்த்த ஊர்க்காரங்க சுமார் 400 பேர், பென்னி ராத்மன்ங்கிற 20 வயசு இளைஞர் தலைமையில, இந்தக் குவாரியில கூடி மேல ஏறினாங்க. காவலாளிகளோட கைகலப்பு. கலவரம், அடிதடின்னு கேஸ் போட்டு ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாசம் வரை ஜெயில்.

ஆனா விஷயம் அடங்கலை. 1949-ல தேசியப் பூங்கா சட்டம். 1951-ல இங்கிலாந்தோட முதல் தேசியப் பூங்காவா ஆனது இதே பீக் டிஸ்ட்ரிக்ட். இந்த மாதிரி மலைவெளியில பாதையை விட்டு விலகியும் நடக்கிற உரிமைக்குச் சட்டம் வந்தது 2000-லதான்!

அந்தச் சட்டத்துல நாய்க்கும் இடம் உண்டு. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரைக்கும், ஆடுமாடு பக்கத்துல எப்பவுமே, 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டணும். தரையில கூடு கட்டற பறவைங்க குஞ்சு பொரிக்கிற காலமாம்.

கயிறை மாட்டினா டெய்சி முறைக்கும். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போய் வாங்கின வழிம்மா இது, கொஞ்சம் பொறுத்துக்கோ :-)