கம்பிவழி விசாரணை

1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரை வந்தடைந்த பிளேக் நோய், ஜனநெருக்கம் மிகுந்த பேட்டைத் தெருக்களில் பரவி உயிர்களைக் கவர்ந்தபோது விளைந்த காரியங்களுள் இரண்டை, அந்நகரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எவரும் விட்டுவிடலாகாது. பேட்டையின் நெருக்கத்திலிருந்து குடும்பங்கள் வெளியேறி, அகன்ற வீதிகளும் வீடுகளின் பின்னே துப்புரவுச் சந்துகளும் கொண்ட மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் புறநகர்களில் குடியேறியது ஒன்று. நோய்த் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொருட்டு நகரத்தில் டெலிபோன் கம்பிகள் இழுக்கப்பட்டது மற்றொன்று. எங்கே என்ன நேர்ந்திருக்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே விசாரித்து அறிய வேண்டிய அவசியமும், மல்லேஸ்வரம் என்னும் ஊரும் இவ்வாறு ஒரே ஆபத்தின் நிழலில் வளர்ந்தன. நோயாளி இருக்கும் வார்டைப் பற்றி அன்று மனிதன் மனிதனைக் கேட்டான். ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, இயந்திரம் இயந்திரத்தைக் கேட்கும் காலம் வந்தது.

மல்லேஸ்வரத்தை ஒட்டி, மைசூர் அரச குடும்பத்தார் அளித்த 371 ஏக்கர் நிலத்தில் 1909இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தை, இவ்வூரார் இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றே அழைக்கிறார்கள். 1933இல் அதன் டைரக்டராக வந்த சர் சி. வி. ராமனின் ‘பஞ்சவடி’ இல்லம் மல்லேஸ்வரத்தில் இருப்பதைத் தமிழர் பலரும் அறிவர். ஆனால் அதே கழகத்தில், 1980களின் பிற்பகுதியில், பெருஞ்சத்தம் ஏதுமின்றி நடந்த மற்றொரு காரியத்தை அறிந்தோர் சிலரே. மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் பண உதவியோடு 1986இல் தொடங்கிய ‘எர்னெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், ஐந்து ஐ.ஐ.டி.களும், டில்லியிலிருந்த மின்னணுத் துறையும், பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஆக எட்டு ஸ்தாபனங்கள் அங்கம் வகித்தன. பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவை 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் திறந்துவிடப்பட்டது என்பதை நினைத்தால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கட்டடங்களுக்குள் நடந்த பரிசோதனைகளின் பெருமை விளங்கும்.

அக்காலத்து வலையமைப்பின் வறுமையை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். 1989இல் மும்பையிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்பட்ட எர்னெட்டின் முதல் வெளிநாட்டு இணைப்பின் வேகம் வினாடிக்கு 9,600 பிட்டுகள். இன்று ஒரு கைப்பேசி அனுப்பும் சாதாரணப் புகைப்படம் ஒன்று அந்தக் கம்பியில் செல்ல அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இத்தகைய கம்பிகளின் முனைகளில் இருந்த மோடங்களும் ரௌட்டர்களும் எப்போது உயிரோடிருக்கின்றன, எப்போது மௌனமாகிவிட்டன, எவ்வளவு பாரம் சுமக்கின்றன என்பதைத் தொலைவிலிருந்து அறிவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியோ, விசாரிப்பதற்காகவே கம்பியின் சக்தியை விழுங்கிவிடாததாகவும் இருக்க வேண்டும்.

இந்தக் கவலை அமெரிக்காவிலும் அப்போதுதான் முற்றியிருந்தது. கருவி பதில் சொல்கிறதா என்று மட்டும் கேட்கும் ‘பிங்’ என்ற நிரலை 1983இல் மைக் மூஸ் எழுதியிருந்தார். ஆனால் உயிரோடிருப்பதை அறிவது வேறு, ஆரோக்கியத்தை அறிவது வேறு. பிராந்திய வலையமைப்புகளை நடத்திக்கொண்டு, பழுதுகளோடு தினந்தோறும் போராடிய ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால் ஆகியோர், ஜேம்ஸ் டேவினுடன் சேர்ந்து, 1987 நவம்பரில் ஒரு நெறிமுறையை வெளியிட்டனர். அதனோடு போட்டியிட்ட வேறு இரு திட்டங்களில், ‘ஹெம்ஸ்’ என்பதை வகுத்த கிரேக் பார்ட்ரிட்ஜ் முதலியோர், கட்சிகள் பிரிந்து காரியம் கெட வேண்டாமென்று தம் படைப்பைத் தாமே விலக்கிக்கொண்டனர். விஞ்ஞான உலகில் இத்தகைய பெருந்தன்மை அடிக்கடி காணக் கிடைப்பதன்று. எஞ்சிய இரண்டில், சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் விரிவான முறையை நீண்ட காலத்துக்கும், கேஸ் குழுவினரின் எளிய முறையை உடனடித் தேவைக்கும் கொள்வதென 1988இல் தீர்மானமாயிற்று. தற்காலிகமென்று கருதப்பட்ட அந்த எளிய முறைதான், எஸ்.என்.எம்.பி. (எளிய வலை நிர்வாக நெறிமுறை) என்ற பெயரோடு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்து, இன்றளவும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது.

அது நிலைத்ததற்குக் காரணம், பாரத்தைப் பங்கிட்ட விதத்தில் இருந்த விவேகமே என்பது என் துணிபு. கண்காணிக்கப்படும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ‘முகவர்’ என்னும் சிறு நிரல் ஒன்று இருக்கும். அதற்குச் சிந்திக்கத் தெரிய வேண்டியதில்லை. கேட்டதற்கு விடை சொல்லவும், அடுத்தது எதுவெனக் கேட்டால் அதைக் காட்டவும், ஒரு மதிப்பை மாற்றச் சொன்னால் மாற்றவும், ஆபத்து நேர்ந்தால் தானாகவே ஒரு எச்சரிக்கை அனுப்பவும் தெரிந்தால் போதும். ஆராய்வது, நினைவில் வைப்பது, ஒப்பிடுவது, முடிவுக்கு வருவது ஆகிய கடினமான பணிகளெல்லாம் நிர்வாகியின் கணினியைச் சேர்ந்தவை. கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு நிலையான எண்வரிசை உண்டு. எட்டாவது மெயின், பதினைந்தாவது கிராஸ் என்று எண்களைக் கொண்டே மல்லேஸ்வரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பதுபோல, 1.3.6.1.2.1.1.3 என்ற வழியே சென்றால், அந்தக் கருவியின் நிர்வாக நிரல் விழித்தெழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பது வினாடியின் நூற்றிலொரு பங்குக் கணக்கில் கிடைக்கும். வேறொரு வழியில், ஒரு கம்பியினூடே வந்த தரவின் அளவு கிடைக்கும்.

அந்த அளவைக் காட்டும் எண்ணியில் ஒரு சங்கடமும் ஒளிந்திருந்தது. 32 பிட்டு எண்ணி 429 கோடி பைட்டுக்குச் சற்று மேல் சென்றதும் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எர்னெட்டின் மெல்லிய கம்பியில் அந்நிலை வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். வினாடிக்கு 10 கோடி பிட்டு ஓடும் கம்பி நிரம்பி வழிந்தாலோ ஆறு நிமிஷத்துக்குள் வந்துவிடும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்த டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், தம்முடைய 64 கிலோபிட் இணைப்பின் நெருக்கடியைப் படமாக வரைந்து காட்டுவதற்கு 1995இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய நிரல், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அந்த ஐந்து நிமிஷம் தப்பிப் பிழைத்தது சிறிய இடைவெளியில்தான். 64 பிட்டு எண்ணிகள் பரவலான பின்னரே அந்தப் பயம் ஒழிந்தது.

அமெரிக்காவில் இருந்த அதே இரட்டைப் பாதையை எர்னெட்டும் சில காலம் கடைப்பிடித்தது; இன்டர்நெட்டின் அடிப்படையான டி.சி.பி./ஐ.பி. முறையும் சர்வதேசத் தர ஸ்தாபனத்தின் முறையும் அதில் அருகருகே இயங்கின. 1995 வாக்கில் ஏறக்குறைய எல்லாப் போக்குவரத்தும் முன்னதன் வழியே செல்லலாயிற்று. பாரமான திட்டங்களைக் காகிதத்தில் போற்றிவிட்டு, இலேசானதைக் கையாளும் வழக்கம் வறிய கம்பிகளை வைத்திருந்தோர்க்கு இயல்பாகவே வாய்த்தது. அளந்து அறிவதோடு நில்லாமல், நெருங்கிய இணைப்பைச் சீராகப் பங்கிடும் வழியையும் விஞ்ஞானக் கழகத்தார் ஆராய்ந்தனர். அனுராக் குமாரும் அவருடைய சகாக்களும் அதைப்பற்றி எழுதிய கட்டுரை 2000ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ.யின் தகவல்தொடர்பு இதழில் வெளிவந்தது.

தமிழரின் பங்கும் இதில் அற்பமன்று. மணி சுப்பிரமணியன் எழுதி 2000இல் வெளியான வலை நிர்வாகப் பாடநூல் இந்தியக் கல்லூரிகளில் பரவலாகப் பயிலப்பட்டது. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், சென்னைப் பொறியாளர்களைக் கொண்டு எஸ்.என்.எம்.பி. நெறிமுறைக்கான கருவிகளைச் செய்து உலகச் சந்தையில் விற்று வளர்ந்து, 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. ஆதி நெறிமுறையில் கடவுச்சொல்லாகச் சென்றது மறைக்கப்படாத ஒரு சொல். பெரும்பாலான கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்றே விடப்பட்டிருந்தது. ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தாரின் சோதனைகள், பல உற்பத்தியாளர்களின் கருவிகளிலிருந்த ஓட்டைகளை 2002 பிப்ரவரியில் அம்பலமாக்கின. அதே ஆண்டு டிசம்பரில்தான் மறைகுறியீடும் அடையாளச் சரிபார்ப்பும் கொண்ட மூன்றாம் பதிப்பு முழுத் தரமாக ஏற்கப்பட்டது. கருவிகளைக் கண்காணிக்க மட்டுமன்றி அமைப்பதற்கும் தகுந்த ‘நெட்கான்ஃப்’ 2006இல் வந்தது. பழைய முறை இன்னும் பதவியை விட்டு இறங்கவில்லை.

இந்திய வலையமைப்பின் முதல் தலைமுறைப் பொறியாளர்களில் பெரும்பாலோர் இப்போது ஓய்வுபெறும் வயதைக் கடந்துவிட்டனர். எந்தக் கம்பி எந்த மழையில் அறுந்தது, எந்த மோடம் எத்தனை இரவுகளைத் தின்றது என்பவையெல்லாம் அவர்கள் நினைவோடு மறைந்துபோகக்கூடிய சரித்திரம். மைசூர் ராஜ்யத்தின் பிளேக் காலத்துப் பதிவேடுகள் இருப்பதால்தான் 1898ஐப் பற்றி இன்று நாம் பேச முடிகிறது. ஆகவே, எர்னெட் ஆய்வுக்கூடங்களில் உழைத்த பெரியோர்கள் தம் அனுபவங்களை எழுதிவைக்க வேண்டும். தமிழ் அறிந்தோர் தமிழிலேயே எழுத வேண்டும். பழைய குறிப்பேடுகளைக் காகிதக் குப்பையோடு கழித்துவிடாமல் அந்தந்த ஸ்தாபனங்கள் பாதுகாக்க வேண்டும்.