கேட்கும் ஜெபம் கைமாறிய கதை

விடியற்காலையில் வேதாகமத்தைத் திறந்து ஒரு பகுதியை வாசிப்பது, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது, "ஆண்டவர் இன்று எனக்கு என்ன சொல்கிறார்?" என்று நோட்டில் குறித்துக்கொள்வது. பல கிறிஸ்தவ வீடுகளில் இது அன்றாட வழக்கம். அந்த வழக்கம் யார் யார் கைமாறி வந்தது என்று தெரிந்தால் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும்.

எகிப்தியப் பாலைவனத் துறவிகள் ஒரே வசனத்தை நாளெல்லாம் முணுமுணுத்தார்கள். அதை அங்கே கற்ற யோவான் கசியன் 415 வாக்கில் மர்சேய்க்குக் கொண்டுபோனார். கசியனை வாசித்த பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் முதல் சொல்லே கேட்கச் சொல்லும் கட்டளைதான். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனத்தில் ஆழ்தல் என்று இதற்கு நான்கு படிக்கட்டுகள் கட்டினார்.

மடத்துச் சரக்கு வெளியே வர ஒரு பீரங்கிக் குண்டு தேவைப்பட்டது. 1521இல் பம்ப்லோனா சண்டையில் கால் நொறுங்கிய படைவீரர் இஞ்ஞாசியார், லொயோலா வீட்டில் படுத்தபடி வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை புனிதர் வரலாறும், லுடோல்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும். லுடோல்ஃபும் கார்த்தூசியர்தான்! படுக்கையில் ஒரு சீமாட்டியை நினைத்து மணிக்கணக்கில் கனவு கண்டார். கனவு கலைந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழ்வதாகக் கற்பனை செய்தபோதோ, பிறகும் நெஞ்சில் நிறைவு தங்கியது. எந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு, அது விட்டுப்போகும் ருசியையே சோதனையாக்கினார். என் பார்வையில் இந்தப் பயணத்தின் அருமையான கண்டுபிடிப்பு இதுதான்.

படிக்காத பாமரன் ஆவிக்குரிய விஷயம் போதிக்கலாமா என்று 1527இல் சாலமன்காவில் அவரைச் சங்கிலியில் பிணைத்தார்கள். அவர் போதித்த ஆவிக்குரிய பயிற்சிகளே 1548இல் போப்பின் ஒப்புதலோடு அச்சேறின. அதற்கு முன்பே, பாரிஸில் அவரிடம் அந்தப் பயிற்சியை முடித்திருந்த சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

அடுத்து வேடிக்கை. மௌன ஜெபம் கற்பித்த மோலினோஸை 1687இல் ரோம் கண்டித்தது. அவர் சிறையிலேயே இறந்தார். பிரான்சில் இதே ஜெபத்தைக் கற்பித்த மதாம் குயோன் பாஸ்தீல் சிறையில் கிடந்தார். 1813இல் இரண்டு ஆங்கிலேயக் குவேக்கர்கள் இவர்கள் இருவரின் எழுத்துகளோடு பேராயர் ஃபெனலோனின் எழுத்துகளையும் சேர்த்துச் சுருக்கி, ஒரு கையடக்க நூலாக்கினார்கள். குருக்களே வேண்டாம் என்ற கூட்டத்துக்குக் கத்தோலிக்கப் பேராயர் வழிகாட்டி!

1880களில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் அதிகாலை வேத வாசிப்பை ஓர் இயக்கமாக்க, அமெரிக்க லூத்தரன் போதகர் ஃப்ராங்க் புக்மன் அதில் பென்சிலையும் நோட்டையும் சேர்த்தார். 1928இல் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆட்கள் தென்னாப்பிரிக்காவில் ரயிலேறியபோது, அவர்களுடைய பெட்டிக்கு அடையாளமாக ஒரு போர்ட்டர் 'ஆக்ஸ்ஃபோர்டு குரூப்' என்று எழுதிவைத்தார். பத்திரிகைகள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டன. நோட்டில் எழுதியதை நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கு அளவுகோல்களில் சோதித்து, நண்பர்களிடமும் காட்ட வேண்டும் என்பது புக்மன் வைத்த விதி. அந்த விதியை வைத்தவரே 1936இல், கம்யூனிசத்தைத் தடுத்ததற்காக ஹிட்லரைப் பத்திரிகைப் பேட்டியில் பாராட்டி மாட்டிக்கொண்டார். தினமும் அதிகாலையில் காது தீட்டியவருக்கே இந்தக் கதி.

புக்மனின் குழுக்களில் குடியை விடப் போராடிய பில் வில்சனும் டாக்டர் பாப்பும் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் சந்தித்துக்கொண்டார்கள். அதிலிருந்து பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1939இல் வெளியிட்ட நூலில், குடியை விடுவதற்கான படிகளில் பதினோராவதாக ஜெபத்தையும் தியானத்தையும் வைத்தது. ஆனால் எந்தக் கடவுள் என்பதை அவரவர் புரிதலுக்கு விட்டுவிட்டது. புக்மன் இயக்கத்துக்கு, காந்தியின் பேரன் ராஜ்மோகன் காந்தி முன்னின்று 1968இல் பஞ்ச்கனியில் ஒரு மையம் அமைத்தார். அங்கே இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒன்றாக உட்கார்ந்து, மௌனமாக இருந்து, மனதில் பட்டதை நோட்டில் எழுதுகிறார்கள்.