அட்லாண்டிக் பாய்மரப் படகுப் பேரணி: நேர்வழியை மாலுமிகள் தவிர்ப்பது ஏன்?

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் நவம்பர் மாதப் பிற்பகுதியில் பாய்மரப் படகுகள் ஒன்றாகப் புறப்பட்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கின்றன. 'அட்லாண்டிக் ராலி ஃபார் குரூசர்ஸ்' எனப்படும் இந்தப் பேரணி 1986-ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 200-க்கும் மேற்பட்ட படகுகள் பங்கேற்றன. தொடக்கத்தில் பார்படாஸ் தீவில் முடிவடைந்த இப்பயணம், 1990 முதல் செயின்ட் லூசியா தீவில் நிறைவடைகிறது.

இரு தீவுகளுக்கும் இடையிலான நேர்வழித் தொலைவு சுமார் 2,700 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். பெரும்பாலான படகுகள் இதைக் கடக்க 18 முதல் 21 நாள்கள் ஆகின்றன. எனினும், பல படகுகள் இந்த நேர்வழியில் செல்வதில்லை. முதலில் தெற்கு நோக்கிச் சென்று, பின்னரே மேற்கே திரும்புகின்றன.

காற்றே வழியைத் தீர்மானிக்கிறது

இதற்குக் காரணம், அசோர்ஸ் தீவுகளை ஒட்டி நிலைகொள்ளும் உயர் அழுத்த மண்டலம். இதைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் வீசுகிறது. அதன் தென்புறத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, படகுகளைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்கிறது. உயர் அழுத்த மண்டலத்தின் மையத்தை நெருங்கினாலோ காற்று ஓய்ந்துவிடும். பெரும்பாலான படகுகளில், கடல் முழுவதையும் இயந்திரத்தால் கடக்கும் அளவுக்கு எரிபொருள் கொள்ளாது.

'வெண்ணெய் உருகும் வரை தெற்கே செல், பிறகு மேற்கே திரும்பு' என்பது மாலுமிகளின் பழைய வழக்கு. 1492-ஆம் ஆண்டு கேனரி தீவுகளிலிருந்து மேற்கே புறப்பட்ட கொலம்பஸின் கப்பல்களையும் இதே காற்றுதான் கொண்டு சென்றது.

இன்றைய மாலுமிகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. கேப் வெர்டே தீவுகளை நோக்கி இறங்கும் தெற்கு வழி நீளமானது. ஆனால் காற்று ஓரளவு உறுதியாகக் கிடைக்கும். நேர்வழி குறுகியது, காற்று நின்றுபோகும் வாய்ப்பும் உண்டு. வடக்கு வழியில், காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களின் விளிம்பைப் பயன்படுத்தி முன்னேற வேண்டும். எதிர்க்காற்றையும் உயர்ந்த அலைகளையும் தாங்கக்கூடிய பந்தயப் படகுகளே பெரும்பாலும் இதைத் தேர்ந்தெடுக்கின்றன.

நவம்பர் ஏன்?

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. வியாபாரக் காற்று நன்கு நிலைபெறுவது பொதுவாக ஜனவரியில்தான். ஆனால், கிறிஸ்துமஸுக்கு முன்பே கரீபியனை அடையப் பலரும் விரும்புகின்றனர். ஆகவே, நவம்பர் பிற்பகுதி என்பது ஒரு சமரசமே.

இந்தச் சமரசம் எப்போதும் பலிப்பதில்லை. 2005 நவம்பர் இறுதியில் 'டெல்டா' புயல் கேனரி தீவுகளையே தாக்கியது. 2012-ஆம் ஆண்டு மோசமான வானிலை காரணமாக, சுற்றுலாப் படகுகளின் புறப்பாடு இரு நாள்கள் தள்ளிவைக்கப்பட்டது.

புறப்பட்ட முதல் நாளே சோதனை தொடங்குகிறது. கிரான் கனேரியா தீவின் மலைகள் சுமார் 1,950 மீட்டர் உயரம் கொண்டவை. அவற்றின் பக்கவாட்டில் காற்று நெருக்கப்பட்டுத் திடீரென வலுக்கிறது. மலைகளின் பின்புறம் பல கடல் மைல் தொலைவுக்குக் காற்றே இருப்பதில்லை.

முன்னறிவிப்பின் எல்லை

அமெரிக்க, ஐரோப்பிய வானிலை மையங்களின் கணினிக் கணிப்புகளைப் படகுகள் செயற்கைக்கோள் தொடர்பு மூலம் பெறுகின்றன. எனினும், ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கணிப்பின் நம்பகத்தன்மை வெகுவாகக் குறைகிறது. பயணமோ மூன்று வாரங்கள் நீள்கிறது. எனவே, கரையில் வகுத்த திட்டத்தைக் கடலில் நாள்தோறும் திருத்த வேண்டியுள்ளது.

மேற்குப் பாதியில் மழை மேகங்களுடன் வரும் திடீர்ச் சூறைக்காற்று எந்தக் கணிப்பிலும் தனியாகத் தெரியாது. சில நிமிடங்களில் காற்றின் வேகம் இரு மடங்காகக்கூடும். இதனால் பல படகுகள் இருட்டுவதற்கு முன்பே பாயின் பரப்பைக் குறைத்துவிடுகின்றன. பின்காற்றில் செல்லும்போது பாய் எதிர்பாராமல் மறுபுறம் வீசி ஆள்களைத் தாக்காதவாறு, அதைத் தாங்கும் கட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதும் வழக்கம்.

திரும்பி வருவது எளிதன்று

முதல் சில நாள்களுக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதென்றால், அதே காற்றை எதிர்த்தே வர வேண்டும். நடுக்கடலுக்கு மீட்பு ஹெலிகாப்டர்களும் எட்டா. விபத்து நேர்ந்தால், அருகில் செல்லும் சரக்குக் கப்பலோ மற்றொரு பேரணிப் படகோதான் முதலில் உதவிக்கு வர முடியும். உயிர்காப்பு மிதவை, அவசரகாலச் சமிக்ஞைக் கருவி ஆகியவை கட்டாயமாக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

ஒருங்கிணைப்பாளர்கள் நாள்தோறும் வானிலை அறிக்கை அனுப்புகின்றனர். ஆனால் எந்த வழியில் செல்வது, எப்போது மேற்கே திரும்புவது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அந்தந்தப் படகுத் தலைவருடையது.